17 சென்டிமீட்டர்

போன வாரம் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அரைவட்டமாய், சாம்பல் நிறத்தில், குட்டிக் குட்டி யானை போட்ட பால்கொடுக்கும் தலையணை. கீழே ஒரே வரி: "இது வேணுமாடி, இல்ல தலையில கட்டப் பாக்கறானா?" அவளுக்கு இது ஏழாவது மாதம். எட்டு நிமிடத்துக்கு வாய்ஸ் நோட் போட்டேன். இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்தியிருப்பாள் என்று தெரியும். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் வாங்கினேன். 2023 மே மாதம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஊம்லாங்காவில் ஒரு மாலில், 649 ரேண்ட். நம்ம ஊர்க் காசுக்கு மூவாயிரம் ரூபாய் பக்கம். கடையில் ஒரு ரப்பர் பொம்மையை அதில் படுக்க வைத்துக் காட்டினார்கள். பொம்மை கை காலை ஆட்டாமல், கழுத்தைத் தொங்கப் போடாமல், சமர்த்தாய்ப் படுத்துக்கொண்டது. நானும் எட்டு மாத வயிற்றோடு அதை இடுப்பில் மாட்டிப் பார்த்தேன். வயிறு இருக்கும்போது மாட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று சொல்ல அங்கே யாருமில்லை.

பிரசவத்துக்கு முன்பே தென்காசியிலிருந்து அம்மா வந்துவிட்டாள். பெட்டியைப் பிரித்துச் சுக்கையும் வெந்தயத்தையும் அடுக்கிக்கொண்டே திரும்பியவள், "ஏட்டி, இது என்ன தலைகாணியா, லாரி டயரா?" என்றாள். மூன்று பெற்றவள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்வாள். ஒரு காலை மடக்கி, இன்னொரு முழங்காலை லேசாய்த் தூக்கி, அந்தத் தொடையில் பிள்ளையின் தலையைச் சாய்த்துக்கொள்வாள். தம்பிக்குப் பால் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முழங்காலை எவ்வளவு தூக்குவது என்று யாரும் அவளுக்கு அளந்து சொல்லவில்லை. அவன் வளர வளர அது தானாய் இறங்கிக்கொண்டே வந்திருக்கும்.

எனக்கு அது வாய்க்கவில்லை. இங்கே தனியார் ஆஸ்பத்திரிகளில் பத்துப் பிரசவத்தில் ஏழுக்கு மேல் சிசேரியன்தான். என்னுடையதும் அப்படியே ஆனது. தையலோடு தரையில் உட்கார்ந்துவிடலாம், எழுப்பிவிடத்தான் இரண்டு ஆள் வேண்டும். ஆகவே சோபா. எங்கள் சோபா வாடகை வீட்டோடு வந்தது, உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முதுகைச் சாய்த்தால் பாதம் தரையில் படாது, பாதத்தை ஊன்றினால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது.

முதல் பத்து நாள் அந்தத் தலையணை என்னைக் காப்பாற்றியது, அதை மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். இந்த ஊரில் அதை ரக்பி பந்து பிடி என்பார்கள். பிள்ளையின் உடம்பு என் விலாவோரம், கால் முதுகுப் பக்கம், தலை மட்டும் மார்புக்கு முன்னால். தலையணையைப் பக்கவாட்டில் சோபா மேல் வைத்துப் பிள்ளையை அதில் கிடத்தினால் வயிற்றுத் தையலில் ஒரு கிராம் எடைகூட விழாது. இருமவே பயந்துகொண்டிருந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வயிறு கிழிபட்டவர்களுக்குத் தெரியும்.

வினை பத்தாம் நாளுக்குப் பிறகு வந்தது. தையல் கொஞ்சம் ஆறிவிட்டதே, படத்தில் இருக்கிற மாதிரி முன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பெல்ட்டை இழுத்துக் கட்டினேன். பிரசவத்துக்குப் பிந்தைய தொளதொள வயிறு தலையணையை இன்னும் மேலே தள்ளியது. பிள்ளையின் வாய் காம்புக்கு மேலே போய் நின்றது. நான் மார்பைத் தூக்கிக் கொடுப்பேன், அவன் கவ்வுவான். கையை எடுத்ததும் மார்பு தன் கனத்துக்குக் கீழே இறங்கும், அவன் வாயில் காம்பின் நுனி மட்டும் மிஞ்சும். அதை ஈறால் நெரித்து நெரித்துக் குடித்தான். இரண்டே நாளில் காம்பு வெடித்துவிட்டது. அவன் வாயைத் திறந்தாலே என் கால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். அம்மா ஒன்றும் பேசாமல் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பாள். பேசியிருந்தால் சண்டைதான்.

பன்னிரண்டாம் நாள் மருந்துக்கடையோடு சேர்ந்த பேபி கிளினிக். பிறந்தபோது 2.95 கிலோ, தராசு காட்டியது 2.76. முதல் சில நாளில் எடை இறங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான், ஆனால் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும். எங்களுக்கு மிச்சம் இரண்டு நாள். சிஸ்டர், நடுவயதைத் தாண்டிய சுலு இனத்து அம்மா, பிள்ளையின் எடையையும் தடுப்பூசியையும் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு, "கொடுங்க மம்மா, நான் பாக்கணும்" என்றார். நான் பெருமையாய்ப் பையிலிருந்து தலையணையை எடுத்துக் கட்டினேன். அரை நிமிடம் பார்த்தார். கிட்டே வந்து வெல்க்ரோவைச் சர்ரென்று பிரித்து, அதை எடைபோடும் மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

பிறகு அவர் செய்தது இவ்வளவுதான். என்னைக் கொஞ்சம் பின்னால் சாய வைத்தார். பிள்ளையின் வயிற்றை என் வயிற்றோடு ஒட்டினார். மூக்கு காம்புக்கு நேரே இருக்கும்படி கொஞ்சம் கீழே வைத்துக் காத்திருந்தார். அவன் வாயை ஆவென்று பெரிதாய்த் திறந்த நொடியில் முதுகைப் பிடித்து என் பக்கம் அழுத்தினார். மோவாய் முதலில் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது. நெரிப்பு இல்லை, இழுப்பு மட்டும். பிள்ளை நன்றாகப் பிடித்த பிறகு என் முழங்கைக்குக் கீழே இருந்த இடைவெளியைக் காட்டி, "இங்க ஏதாவது தொங்கினா அதுக்கு மட்டும் துணி வைங்க" என்றார். முதலில் பிடிப்பு, பிறகுதான் முட்டு. நான் இரண்டு நாளாய்த் தலைகீழாய்ச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பை எடுத்தேன். இவர் எஞ்சினியர், கிளினிக் பில்லின் பின்பக்கம் படமே போட்டுவிட்டார். மடியிலிருந்து காம்பு வரைக்கும் எனக்கு 14 சென்டிமீட்டர். தலையணையின் கனம் 17. பிள்ளை ஒருக்களித்துப் படுத்தால் அவன் வாயே படுத்த இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே. ஆக எனக்குத் தேவை ஒன்பது, நான் கட்டிக்கொண்டிருந்தது பதினேழு. பக்கவாட்டில் வைத்தபோது மட்டும் ஏன் சரியாக இருந்தது என்பதும் அப்போது பிடிபட்டது. அங்கே அது தொடைமேல் ஏறாமல் சோபாமேல் உட்கார்ந்திருந்தது, என் தொடைக் கனத்தின் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஒன்பது சென்டிமீட்டர் என்பது நாலாய் மடித்த இரண்டு குளியல் துண்டு.

மிச்சத்தைச் சரிசெய்தவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர், கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தில் ஐந்தாம் தலைமுறை. தமிழில் பேசத் தெரியாது, ஆனால் தமிழ்ச் சொற்கள் சிலவற்றைக் கைவிடவே மாட்டார். நாம் ரசம் என்பதை அவர் மிளகுத்தண்ணி என்பார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய அதைத்தான் கொண்டுவந்தார். (அம்மாவுக்கும் அவருக்கும் அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு மணி நேரம் ஓடியது. பூண்டைத் தட்டிப் போடுவதா, நறுக்கிப் போடுவதா என்பதில் மட்டும் உடன்பாடு ஏற்படவில்லை.) என் பாதம் அந்தரத்தில் ஊசலாடுவதைப் பார்த்துவிட்டுப் போனவர், மகன் கடையிலிருந்து பால் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கொண்டுவந்து கால்மாட்டில் கவிழ்த்தார். பாதம் ஏறியதும் முழங்கால் ஏறியது, மடி பள்ளமானது, பிள்ளை தானாய் என் பக்கம் உருண்டான். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "இதத்தானட்டி நான் தரையில செஞ்சேன்." பதினாறாம் நாள் எடை 2.98.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஜூலையில் ஒரு ராத்திரி லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. அந்த வருடம் இங்கே இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் துண்டு மடிக்கச் சோம்பல்பட்டுத் தலையணையையே கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். எப்போது கண் அசந்தது என்று தெரியாது. கரண்ட் வந்து ஃபிரிட்ஜ் உறுமிய சத்தத்தில்தான் விழித்தேன். அவன் மார்பை விட்டு நழுவி, தலையணைக்கும் என் கைக்கும் நடுவில் இறங்கியிருந்தான். மூக்கு தலையணைத் துணியில் பதிந்திருந்தது. வாரி எடுத்தேன், சிணுங்கினான், ஒன்றும் ஆகவில்லை. நான் விடியும் வரை அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். 2024 அக்டோபரில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்தத் தலையணைகளுக்கென்றே கட்டாய விதி கொண்டுவந்தபோது, 2010 முதல் 2022 வரை 154 குழந்தை இறப்புகளில் இவை சம்பந்தப்பட்டிருந்ததாகச் சொன்னது. பெரும்பாலானவை குழந்தை இதில் தூங்கியபோது நடந்தவை. தலையணை மெத்தென்று முகத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் கெட்டியாய் இருக்க வேண்டும் என்பது அந்த விதியில் ஒன்று. சோபாவில் பிள்ளையோடு கண்ணயர்வது தலையணை இல்லாமலே ஆபத்துதான், அதோடு நான் இதையும் சேர்த்திருந்தேன். மறுநாளிலிருந்து ராத்திரிக்கு முதுகு நேராய் நிற்கும் சாப்பாட்டு மேசை நாற்காலிதான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க: உறையை மாற்ற இன்னொரு உறை வேண்டும், அது தனி விலை. டர்பன் ஈரக்காற்றில் பால் பட்ட ஃபோம் உலர மூன்று நாள் ஆகும், அதற்குள் மோர் வாடை வந்துவிடும். மேல்பக்கம் மேடாய் உருண்டிருக்கும் மாதிரிகளில் சின்னப் பிள்ளை உருண்டு வெளிப்பக்கம் போய்விடும், தட்டையானது தேவலை. நாலு மாதத்துக்கு மேல் இது வேலைக்கு ஆகாது, பிள்ளையே தன்னைத் தாங்கிக்கொள்வான். நான் பிள்ளை பெற்ற 2023-இல் இந்த நாட்டில் பிரசவ விடுப்பும் அதே நாலு மாதம்தான். பிறகு பிள்ளைக்கு ஆறு மாதமாகும் வரை ஆபீசில் நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் தருவார்கள், அதற்கு யாரும் டயரைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. இரட்டைப் பிள்ளை என்றால் மட்டும் பேச்சே இல்லை, வாங்கிவிடுங்கள். இரண்டு பிள்ளைக்கு நமக்கு இருப்பது இரண்டு கைதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தோழியிடம், "நீ பால் கொடுக்கப்போற நாற்காலியில உக்காந்து, உள்ளாடை இல்லாம, மடியிலேர்ந்து அளந்து சொல்லு" என்றேன். சிரித்துச் சிரித்து ஒரு வழியானாள். பிரசவத்துக்குப் பிறகு இந்த அளவு கொஞ்சம் மாறும், ஆனாலும் ஒரு கணக்குக்கு ஆகும். நேற்று ராத்திரி பதில் வந்தது: 21. அவள் ஐந்தடி எட்டு, இடுப்புக்கு மேலேதான் நீளமெல்லாம். என் 17-ஓடு பிள்ளையின் 5-ஐக் கூட்டினால் 22. எனக்குச் சேராதது அவளுக்கு ஏறக்குறைய அச்சாய்ச் சேர்கிறது.

வியாழக்கிழமை இவர் வேலையாய் ஜோகன்னஸ்பர்க் போகிறார், கொடுத்துவிடுகிறேன். உறையைச் சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயப்போட்டிருக்கிறேன். ஜிப்தான் போய்விட்டது, பொத்தான் தைக்க வேண்டும்.