வளவில் பந்துச் சத்தம்

சாயங்காலமானால் எங்க காரைக்குடி வீட்டு வளவு முற்றத்தில் டப் டப்புன்னு பந்துச் சத்தம். மகள் கூடைப்பந்தில் சேர்ந்து மூணு மாசம். ஆத்தங்குடித் தரைக்கல்லு பெயர்ந்துரும்னு சத்தம் போட்ட அவ அப்பத்தா, இப்ப தூணோரம் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்றாங்க.

நேத்து அனிதா பால்துரை பத்திச் சொன்னேன். சென்னைக்காரங்க. இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியோட முன்னாள் கேப்டன், 2021-ல் பத்மஸ்ரீ. குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினவங்க. 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை இந்தியா ஜெயிச்சதே, அந்த அணியில் இருந்தாங்க. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானோட 75-73. ரெண்டே புள்ளி!

அப்பத்தா கேட்டது ஒண்ணுதான்: "பிள்ளைய யாரு பாத்துக்கிட்டாக?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் என் கையைப் பிடிச்சாங்க. "இவளுக்குப் பிள்ளை பொறக்கயில நான் இருக்க மாட்டேன். நீ பாத்துக்க. ஆட்டத்தை விடச் சொல்லிராத."