அரசியின் முதுகில் அமர்ந்திருக்கும் அரசிகள்

எறும்பு என்றாலே உழைப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டோம். உழைப்பதற்கென்று ஓர் எறும்பைக்கூடப் பெற்றெடுக்காத இனம் ஒன்று சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. மருந்தாளராகத் தொழில் செய்துகொண்டே எறும்புகளை ஆராய்ந்த ஹைன்ரிச் குட்டர், 1949இல் சாஸ்ஃபே ஊருக்கு அருகே, டெட்ராமோரியம் என்னும் சாதாரண எறும்பின் புற்றுக்குள் இதைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு அவர் இட்ட பெயர் டெல்யூட்டோமிர்மெக்ஸ் ஷ்னைடெரி.

இதன் அரசி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளமே உடையது. தன்னைவிடப் பன்மடங்கு பெரிய, புற்றுக்குச் சொந்தக்காரியான அரசியின் முதுகில் ஏறி அமர்ந்துகொள்வதுதான் அதன் வாழ்க்கை. வயிற்றின் அடிப்பகுதி உட்குழிந்திருப்பதால் அது அரசியின் உடல்மேல் சேணம் போலப் பொருந்திவிடுகிறது. பிடித்துத் தொங்குவதற்கென்றே பாதங்களில் பெரிய பட்டைகளும் வலுவான நகங்களும் உள்ளன. ஒரே அரசியின் மேல் எட்டு ஒட்டுண்ணிகள் வரை ஏறியிருந்ததுண்டு. அந்த நிலையில் அவள் நகரவே திணறுவாள் என்றாலும் அவளை அவை கொல்வதில்லை. புற்றை நடத்தும் வேலைக்கார எறும்புகள் அவளுடைய முட்டைகளிலிருந்துதானே வரவேண்டும்?

வேலைக்கார எறும்புகளோ இந்த விருந்தாளிகளை விரட்டாமல், அவற்றின் உடலிலிருந்து சுரக்கும் பொருளை ஆவலோடு நக்கி, வாயிலிருந்து வாய்க்கு உணவும் ஊட்டுகின்றன. இவ்வளவு சொகுசில், தானாக வாழத் தேவையான உறுப்புகள் தேய்ந்துபோயின: தாடைகள் சிறுத்துவிட்டன, தோல் மெலிந்துவிட்டது, மூளையும் எளிமையாகிவிட்டது. தேயாமல் எஞ்சியது முட்டையிடும் திறன் மட்டுமே. முதிர்ந்த அரசி வயிறு உப்பி, சராசரியாக அரை நிமிடத்துக்கு ஒரு முட்டை இடுகிறது. இதைச் சீரழிவு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது கணக்கறிந்த சிக்கனமாகவே தோன்றுகிறது.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஆண்கள் புற்றை விட்டு வெளியே செல்லாமல், உள்ளேயே தம் சகோதரிகளுடன் இணைகின்றன. இணைந்த பெண்களில் சில சிறகை உதிர்த்துவிட்டு அங்கேயே தங்க, மற்றவை மட்டும் வேறு புற்றைத் தேடிப் பறக்கின்றன. டெட்ராமோரியம் ஐரோப்பாவெங்கும் பெருகியிருந்தும், இந்த ஒட்டுண்ணி சிதறிய சில இடங்களில் மட்டுமே அகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒட்டுண்ணி எறும்புகள் பெரும்பாலும் தம் நெருங்கிய உறவினரின் வீட்டிலேயே குடியேறும் என்று இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி 1909இலேயே கூறியிருந்தார். இந்த எறும்பும் அதற்கு விலக்கல்ல: மரபணு ஆய்வுக்குப் பின் 2015இல் அதன் தனிப் பேரினம் நீக்கப்பட்டு, அது சுரண்டும் டெட்ராமோரியம் பேரினத்திலேயே சேர்க்கப்பட்டது. இன்றைய அதன் பெயர் டெட்ராமோரியம் இன்க்விலினம்.