இரவு பத்து மணிக்கு லேப்டாப் மூடப்படும்

14 ஜூலை 2024, ஞாயிறு

வேலைக்கு ஆள் எடுக்கக் கேம்பஸுக்குக் கம்பெனிகள் வர இன்னும் இரண்டு வாரம். ஹாஸ்டல் அறைக் கதவின் உட்பக்கம் சார்ட் ஒட்டியாகிவிட்டது: தினம் லீட்கோடில், அதாவது புரோகிராம் எழுதிப் பழகும் தளத்தில், எட்டு கணக்கு, ஒரு மணி நேரம் ஆப்டிடியூட், டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்), நெட்வொர்க்ஸ் தலா ஒரு பாடம். நான் ஈசிஇ, எலக்ட்ரானிக்ஸ். சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் மூன்று வருடமாகச் செய்ததை இரண்டு வாரத்தில் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறேன். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் அறுபது சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அரியர் இல்லை. கையிருப்பு அவ்வளவுதான்.

20 ஜூலை, சனி

எட்டில் ஆறு போட்டேன். மீதி இரண்டுக்கும் விடையைப் பார்த்து அப்படியே டைப் செய்தேன். பச்சை டிக் விழுந்தது, சார்ட்டிலும் போட்டுக்கொண்டேன். என்ன எழுதினாய் என்று இப்போது யாராவது கேட்டால் முழிப்பேன்.

24 ஜூலை, புதன்

நேற்று இரவு பதினொன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் வரை ஒரு பைனரி சர்ச்சோடு (வரிசையான எண்களில் ஒவ்வொரு தடவையும் பாதியைத் தள்ளிவிட்டுத் தேடும் புரோகிராம்) மல்லுக்கட்டினேன். மொத்தமே பத்து வரி. ரன் கொடுத்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. காலையில் பக்கெட் நிறையக் காத்திருந்தபோது தெரிந்துவிட்டது. தேடும் எல்லையின் கீழ்முனையை நடு இடத்துக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். நான் நடு இடத்திலேயே வைத்திருக்கிறேன். கடைசியில் இரண்டே எண் மிஞ்சும்போது நடு என்பது திரும்பத் திரும்பக் கீழ்முனையிலேயே வந்து விழும். அப்புறம் எப்படி நிற்கும்?

27 ஜூலை, சனி

முதல் கம்பெனியின் ஆன்லைன் டெஸ்ட். தொண்ணூறு நிமிடம். முந்தின இரவு மூன்று மணி வரை ரிவிஷன். ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 12 மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும்? நாலு தடவை படித்தேன். எழுத்து தெரிகிறது, அர்த்தம் உள்ளே போகவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் தம்பி பேப்பரே இல்லாமல் 12 என்று சொல்லியிருப்பான்.

29 ஜூலை, திங்கள்

லிஸ்டில் பெயர் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. "சாப்பிட்டியா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். தூக்கம் என்றேன், பொய்யில்லை.

ராத்திரி பர்ன்அவுட் பற்றித் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதற்கு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறது: சக்தியெல்லாம் வற்றிப்போன சோர்வு, செய்கிற வேலை மேல் ஒட்டாமை அல்லது கசப்பு, முன்போல் செய்ய முடியவில்லை என்ற நினைப்பு. மூன்றும் எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: இது வேலை சார்ந்த சூழலுக்கு மட்டும்தானாம், வாழ்க்கையின் மற்ற விஷயங்களுக்குச் சொல்லக்கூடாதாம். சிரித்துவிட்டேன். இதற்கும் ஆஃபர் லெட்டர் கேட்கிறார்கள்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. வரமாட்டேன் என்றவளை ரூம்மேட் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவள் அத்தை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். புளியோதரை, தேங்காய் சாதம், அப்பளம். அத்தை என் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். திரும்பும்போது காவிரிப் பாலத்தில் இறங்கினோம். மேட்டூர் நாலு நாள் முன்னால்தான் 120 அடி நிரம்பியது. லட்சம் கன அடிக்கு மேல் வருகிறதாம், வருவதை அப்படியே திறந்துவிடுகிறார்கள். ஆறு கரைக்குக் கரை செம்பழுப்பாக ஓடியது. "உன் தொட்டிக் கணக்குடீ" என்றாள் ரூம்மேட். ஒரு வாரம் கழித்து அதற்குச் சிரிக்க முடிந்தது. அறைக்கு வந்து பத்து மணி நேரம் தூங்கினேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

போன வருடம் பிளேஸ் ஆன சீனியர் அக்காவுக்குப் போன் செய்தேன். சார்ட்டைச் சொன்னதும், "எட்டா? கிழிச்சுப் போடு. மூணு போடு. அதுல ஒண்ணு போன வாரம் போட்டதா இருக்கணும், பழசைப் பார்க்காம எழுது" என்றார். கிழித்தேன். புது சார்ட்டில் இரண்டே வரி: மூன்று கணக்கு, பத்து மணிக்கு லேப்டாப் மூடல்.

பிளேஸ்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பையும் மியூட் செய்துவிட்டேன். கம்பெனி அறிவிப்பை விட வாழ்த்துகள்தான் அதில் அதிகம். ஏதாவது முக்கியம் என்றால் கூப்பிடச் சொல்லி பிளேஸ்மென்ட் ரெப்பிடம் சொல்லியிருக்கிறேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

பத்து மணிக்கு மூடுவது பெரிய கொடுமை. விளக்கை அணைத்துப் படுத்தால் ரூம்மேட்டின் கீபோர்டு டக்டக் என்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் ஓர் அடி முன்னே போகிற மாதிரி. பத்தே முக்கால் வரை புரண்டுவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். லேப்டாப்பைத் தொடவில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

ஜூலையில் டிக் போட்ட கணக்குகளில் பத்தை எடுத்து மறுபடி எழுதிப் பார்த்தேன். மூன்றுதான் வந்தது. அந்த இரண்டு வாரம் என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

17 ஆகஸ்ட், சனி

நேற்று ஒன்றரை மணி வரை உட்கார்ந்துவிட்டேன். பயம். இன்று மதியம் வரை தலைவலி.

22 ஆகஸ்ட், வியாழன்

இரண்டாவது கம்பெனி. டெஸ்ட் தாண்டி டெக்னிக்கல் ரவுண்டு. இன்டர்வியூ எடுத்தவர் பைனரி சர்ச் எழுதச் சொன்னார், எழுதினேன். "இரண்டு முனையும் மிகப் பெரிய எண்கள் என்றால்?" என்றார். தெரியாது. யோசித்துக்கொண்டே பேசினேன்: நடு இடம் காண இரண்டையும் கூட்டினால், இன்டீஜருக்கு (முழு எண்ணுக்கு) கம்ப்யூட்டர் ஒதுக்கும் அளவைத் தாண்டிவிடும், வித்தியாசத்தில் பாதியை எடுத்துக் கீழ்முனையோடு கூட்டலாம். தலையாட்டினார். ஜாவா மொழியோடு கூடவே வரும் ரெடிமேட் புரோகிராம் தொகுப்பிலேயே இந்தத் தப்பு ஒன்பது வருடம் போல இருந்து 2006-இல்தான் வெளியே தெரிந்தது என்றார். மனுஷருக்குச் சொல்வதில் அவ்வளவு சந்தோஷம்.

நாளை ஒன்பது மணிக்கு எச்ஆர். மணி இப்போது பத்து ஐந்து. ஃபார்மல் சட்டையை இன்னும் இஸ்திரி போடவில்லை. பெட்டி எதிர் அறையில் இருக்கிறது.