அடிபட்ட பூனையைத் தூக்கப் போகிறீர்களா?

தெருவில் ஒரு பூனை அடிபட்டுக் கிடந்தால் நம் ஆட்கள் முதலில் ஓடுவது வீட்டுக்குள்தான். ஒருவர் மஞ்சள்தூள் எடுத்து வருவார், ஒருவர் டெட்டால், இன்னொருவர் கிண்ணத்தில் பால், யாராவது ஒருவர் "வலிக்குமே பாவம்" என்று அரை டோலோவைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்பார். எல்லாம் நல்ல மனசோடுதான். ஆனால் அந்த டோலோ, அதாவது பாராசிட்டமால், பூனைக்கு விஷம். நம் கல்லீரல் அதைக் கையாளும் விதத்தில் பூனையின் கல்லீரலால் முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, மூச்சு முட்டிச் சாகும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும். டெட்டால், பினாயிலும் வேண்டாம். பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி, மேலே தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். பாலும் சோறும்கூட அப்புறம்தான், ஏனென்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

சரி, அப்போ என்னதான் செய்வது? பிடித்துப் பெட்டிக்குள் வைத்து டாக்டரிடம் கொண்டுபோவது, அவ்வளவுதான். அதுவே பெரிய வேலை.

வலியில் இருக்கும் பூனைக்கு நீங்கள் காப்பாற்ற வந்தவர் என்று தெரியாது, தினமும் உங்கள் கையால் சாப்பிடுகிற பூனையாக இருந்தாலும் கடிக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்தை, முக்கியமாக செல்போனில் வீடியோ எடுப்பவரை, முதலில் தள்ளிப் போகச் சொல்லுங்கள். நேருக்கு நேர் முறைக்காமல், குனிந்து, பக்கவாட்டில் போய், தடிமனான துண்டையோ பழைய போர்வையையோ தலையோடு சேர்த்து மேலே போடுங்கள். இருட்டானால் பெரும்பாலும் அடங்கிவிடும். துணியோடு சுருட்டி அப்படியே தூக்கி, காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிடலாம். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது என்றால் முதுகெலும்பு உடைந்திருக்கலாம், அப்போது சுருட்டாமல் ஒரு பலகை மீது மெல்ல நகர்த்தி எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டே ஓடி ஒளிகிறது என்றால் துரத்தாதீர்கள். கூண்டும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் இருந்தால் இரவில் தானாக வந்து மாட்டும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு வெளுத்திருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குர்ர் குர்ர் என்று சத்தம் வருகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், வலியிலும் பூனை அப்படிச் செய்யும்.

சென்னை என்றால் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது, 1959 முதல் இயங்கும் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு கிண்டியில் இருக்கிறது. எங்கே போவதானாலும் கிளம்புமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், சில கிளினிக்குகள் தெருப்பூனை என்றதும் தயங்கும்.

இனி உங்கள் கை. பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அதைச் சுருக்க வேண்டாம். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியது என்று இன்னும் நிறைய பேர் நம்புகிறார்கள், பூனையிடமிருந்தும் வரும், வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்திருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின், அதாவது வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து, தேவையா என்று நீங்களே கேளுங்கள். பூனைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் மறுநாளே கை வீங்கிச் சீழ் வைக்கலாம்.

இன்னொன்று, இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. பெண் பூனையாக இருந்தால் டாக்டரிடம் பால் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டியிருந்தால் திரும்பி வந்து மாடிப்படிக்கு அடியில், ஏசி மெஷினுக்குப் பின்னால், பழைய சாமான் போட்ட மூலையில் எல்லாம் தேடுங்கள், வாட்ச்மேனிடமும் கேளுங்கள், குட்டிகள் பசியோடு எங்கேயாவது கிடக்கும்.