கடப்புறத்தில் ஒரு கிறிஸ்துமஸ்

எங்கள் ஊர் மயிலாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெற்கே போனாலும் மேற்கே போனாலும் முக்கால் மணி நேரத்துக்குள் கடலைத் தொட்டுவிடலாம். இருந்தும் 2024-ஆம் ஆண்டு வரை எங்கள் குடும்பத்தில் யாரும் கிறிஸ்துமஸ் நாளைக் கடற்கரையில் கழித்ததில்லை. கடற்கரை என்பது எங்களுக்குச் சாயங்காலம் போய், சுண்டல் வாங்கித் தின்று, இருட்டுவதற்குள் திரும்பிவிடும் இடமாகவே இருந்து வந்தது.

அந்த ஆண்டு அம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீட்டில் விடியற்காலை ஆராதனை முடிந்ததும் நாற்பது பேருக்கு ஆப்பமும் ஆட்டுக்கறியும் பரிமாறுவது வழக்கம். இந்த முறை அடுப்படியில் அம்மா நிற்கக் கூடாது என்று நானும் என் தம்பியும் முடிவு செய்தோம். வீட்டில் இருந்தால் யார் சொன்னாலும் அம்மா நிற்காமல் இருக்க மாட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும். எனவே முட்டத்துக்கும் மணக்குடிக்கும் இடையில், தென்னந்தோப்புக்குள் கடலைப் பார்த்து அமைந்த ஒரு ரிசார்ட்டில் டிசம்பர் 23 முதல் 28 வரை மூன்று அறைகளை எடுத்தோம். துபாயில் இருந்து தம்பி குடும்பமும் வந்து சேர்ந்துகொண்டது.

வீட்டை விட்டுப் போகிறோம் என்று தெரிந்ததும் அம்மா செய்த முதல் வேலை முந்திரிக்கொத்து சுட்டதுதான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிறுபயறு வறுத்துப் பொடிக்கச் சொல்லி, தேங்காயையும் எள்ளையும் தனித்தனியாகச் சிவக்க வறுக்கச் சொல்லி, ஏலக்காய் தட்டிப் போட்டு, சூடான கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடித்தார். அரிசிமாவும் மஞ்சளும் கரைத்த கூழில் அந்த உருண்டைகளை மும்மூன்றாக முக்கி எண்ணெயில் விட்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலைபோல மிதந்து வரும். திராட்சைக்கு முந்திரி என்றும் பெயர் உண்டு; முந்திரிக்கொத்து என்ற பெயர் அதனால் வந்தது. முந்திரிப்பருப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெளியூர் நண்பர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பதால் இதை எழுதி வைக்கிறேன். ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய அதை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் காரில் ஏறினோம்.

சுசீந்திரம், ஈத்தாமொழி வழியாகப் போனோம். ஈத்தாமொழித் தேங்காய் புவிசார் குறியீடு பெற்றது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாலையின் இருபுறமும் நட்சத்திர விளக்குகள் தொடங்கிவிட்டன. எங்கள் பக்கமும் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் தொங்கும். ஆனால் கடப்புறம் என்று நாங்கள் சொல்லும் கடலோரத்து ஊருக்குள் நுழைந்தபோது, ஒரு தெருவின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை கம்பி கட்டி, வீட்டுக்கு ஐந்தாறு நட்சத்திரம் என்று வானத்தையே மறைத்திருந்தார்கள்.

ரிசார்ட்டைப் பற்றிக் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. அறைகள் சுத்தமாக இருந்தன. நீச்சல் குளம் பிள்ளைகளுக்குப் போதுமான ஆழத்தில் இருந்தது. சாய்வு நாற்காலியில் அம்மா கால் நீட்டிப் படுத்துக் கடலைப் பார்த்ததை என் வாழ்நாளில் முதல் முறையாகக் கண்டேன். மார்கழியில் கதிரவன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் மறைவதால், ஆறு மணிக்குச் சற்றுப் பின் அந்தச் செம்மை அறைச் சாளரத்துக்கு நேராகவே விழுந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது பாறையை அடித்து நொறுக்கும் இந்தக் கடல் டிசம்பரில் எவ்வளவு அடங்கி இருக்கிறது என்பதையும் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். அடங்கி இருக்கிறதே என்று நம்பி இறங்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் கரை சட்டென்று ஆழமாகிவிடும். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். அதே ஆண்டு மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில், மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேரைக் கடல் கொண்டு போயிற்று. எங்கோ தென்கோடிப் பெருங்கடலில் வீசிய புயலின் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நேரத்தில் திருடனைப்போல் வந்து ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். கடற்கரைக்காரர் ஒருவர் "இன்னிக்கு இறங்காதீங்க" என்று சொன்னால், காரணம் கேட்காமல் கரையேறிவிடுவதுதான் நல்லது. எங்கள் பிள்ளைகளை நாங்கள் ஐந்து நாளும் கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொண்டோம்.

எனக்கு உறுத்தலாக இருந்தது ஒரே ஒரு விஷயம். டிசம்பர் 24 இரவு விருந்து கட்டாயம் என்றும், உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஆள் ஒன்றுக்கு 3,500 ரூபாய் தனியே செலுத்த வேண்டும் என்றும் வந்த பிறகுதான் சொன்னார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம், அந்த நேரத்தில் விருந்தில் இருக்க மாட்டோம் என்று விளக்கியும் பயனில்லை. பணத்தைக் கட்டினோம். பணம் போனதைவிட அதன் பின்னணி எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் அறைகளைத் துப்புரவு செய்ய வந்த பெண்ணிடம் அம்மா, "பெருநாளுக்கு வீட்டுக்குப் போகலியா மக்கா?" என்று கேட்டபோது, "விருந்து முடிஞ்சு பாத்திரம் எல்லாம் ஒதுக்கிட்டுத்தான் விடுவாங்கம்மா, பூசைக்கு ஓடித்தான் போகணும்" என்றார். அவர் வீடு ரிசார்ட்டின் மதிற்சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. மாவட்டத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். கடலோர ஊர்களிலோ அநேகமாக எல்லோருமே. அவர்களுடைய பெருநாள் இரவைத்தான் இந்தக் கரையின் விடுதிகள் வெளியூர் விருந்தினருக்கு விற்கின்றன. ஒரு மணி நேரம் முன்னதாக விருந்தை முடித்து அவர்களை அனுப்புவது அவ்வளவு கடினமான செயல் அல்ல. அதை வரவேற்பறையில் எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா அந்தப் பெண்ணிடம், "நாங்களும் உன்கூட வாறோம்" என்று சொல்லிவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், கடப்புறம் கத்தோலிக்கப் பங்குகளால் ஆனது. புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டு இந்தக் கரை வழியே நடந்து மீனவ ஊர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எங்கள் பக்கத்துக்கோ 1806-ஆம் ஆண்டு மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே வழியாகத்தான் வேதம் வந்தது. இடையில் இருநூற்று அறுபது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளி இன்றும் பேச்சில்கூடத் தெரியும். நாங்கள் ஆராதனை என்பதை அவர்கள் பூசை என்பார்கள். எங்களுக்குப் போதகர், அவர்களுக்குப் பங்குத்தந்தை. நாங்கள் விடியற்காலையில் கூடுவோம், அவர்கள் நள்ளிரவில். ஒரே மாவட்டத்தில் ஒரே குழந்தையின் பிறப்பைக் கொண்டாடும் இரு சாராரும், கல்யாணம், சாவு தவிர வேறெதற்கும் ஒருவர் வாசலை ஒருவர் அதிகமாக மிதித்ததில்லை. என் எழுபத்திரண்டு வயது அம்மா அன்றுதான் முதன்முதலாக ஒரு பாதிராப் பூசைக்குப் போனார்.

கோயில் முற்றத்தில் இளைஞர்கள் கட்டியிருந்த குடிலை என்னால் மறக்க முடியாது. ரிசார்ட்டில் பிளாஸ்டிக் மரத்தின் மேல் பஞ்சை உதிர்த்துப் பனி என்று வைத்திருந்தார்கள். இங்கே பனியே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்த பசும்புல் மேட்டின் நடுவே ஓலைக் குடில் ஒன்று நின்றது. அதற்கு முன்னால் கடலுக்கென்று நீலத் துணியை விரித்து, கரைக்கென்று இந்தக் கரையில் கிடைக்கும் மணலையே பரப்பியிருந்தார்கள். வெண்மணலை ஒட்டிக் கார்னெட் கலந்த செம்மணல் வரி, அதை ஒட்டி இல்மனைட் கலந்த கருமணல் வரி என்று மணவாளக்குறிச்சிப் பக்கத்து அலை ஒதுக்கி வைப்பதுபோலவே அது கிடந்தது. மேய்ப்பர்களோடு, தோளில் வலையைப் போட்ட ஒரு மனிதரும், தலையில் மீன்கடகம் வைத்த ஒரு பெண்ணும் களிமண்ணில் நின்றார்கள். என் மகள் குனிந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் கடகத்துக்குள் வெள்ளித்தாளில் வெட்டிய மீன்கள் இருக்கின்றன என்று எனக்குக் காட்டினாள். விரல் நகத்தைவிடச் சிறிய அந்த மீன்களுக்குக் கண்கூட வைத்திருந்தார்கள்.

பூசைக்கு ஊரே கூடியிருந்தது. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கும் ஆண்களும் கிறிஸ்துமஸுக்குக் கரை சேர்ந்துவிடுவார்கள் என்பதால், அது குடும்பங்கள் முழுதாக நிற்கும் இரவு. 2017-இல் நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த ஆண்டில் அப்படி இல்லை என்றும், அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பல ஊர்களில் நட்சத்திரமே ஏற்றவில்லை என்றும் அந்தப் பெண் மெல்லிய குரலில் சொன்னார். குழந்தை இயேசுவின் சுரூபத்தைப் பங்குத்தந்தை குடிலில் வைத்தபோது மணிகளும் வெடிகளும் ஒன்றாக எழுந்தன. அம்மாவுக்கு வழிபாட்டு முறை புரியவில்லை. ஆனால் பாட்டு புரிந்தது. எந்தச் சபையிலும் பாடுகிற பழைய பாட்டு ஒன்று வந்ததும் தன் பங்குக்கு மேல் குரலைக் கொடுத்துப் பாடினார். திரும்பும்போது மணி ஒன்றரை; தேய்பிறை நிலா கிழக்கில் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் பகல் அமைதியாகக் கழிந்தது. ரிசார்ட்டின் பஃபேயில் வான்கோழியும் பிளம் கேக்கும் இருந்தன. நாங்கள் அந்தப் பெண்ணின் வீட்டில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும், தேங்காய் அரைத்து வைத்த நெய்மீன் குழம்பும் உண்டோம்.

மறுநாள் டிசம்பர் 26, வியாழக்கிழமை. ஆழிப்பேரலை வந்து அன்றோடு இருபது ஆண்டுகள் நிறைந்தன. 2004-இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பது இந்த ஊர்களின் கட்டுப்பாடு. ஆகவே எல்லோரும் கரையில் இருந்தார்கள். மணக்குடியில் மேல்கரையையும் கீழ்கரையையும் இணைத்த பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனது. குளச்சல், கொட்டில்பாடு பக்கத்தில் ஊருக்குப் பின்னால் ஓடும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் மக்களைத் தப்பவிடவில்லை. கடலுக்குப் பயந்து உள்நாட்டை நோக்கி ஓடியவர்கள் அந்தக் கால்வாயில் அகப்பட்டு மடிந்தார்கள். நாங்கள் அந்த நாளில் முப்பது கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு தொலைக்காட்சியில்தான் அதைப் பார்த்தோம். அதை நினைத்தபோது, இருபது ஆண்டுகள் கழித்தும் எனக்குத் தொண்டை அடைத்தது.

காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கான மேடையின் மேல் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் நிறைந்திருந்தன. முந்தின நாள் பட்டுச்சேலையில் சிரித்தபடி கேக் நீட்டிய பெண்கள் வெள்ளைச் சேலையில் வந்து மண்டியிட்டார்கள். நட்சத்திர விளக்குகளை யாரும் கழற்றவில்லை. அவற்றின் அடியில்தான் அழுதார்கள். ஒரு மூதாட்டி கல்லில் பொறித்திருந்த ஒரு பெயரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. மெழுகு உருகி அவர் விரலைத் தொட்டபோதுதான் கையை அசைத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இந்தக் கரைக்கு வருகிறவர்கள், 26-ஆம் தேதி காலையில் பாட்டை அணைத்துவிட்டு ஒரு பூவோடு போய் நிற்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வெளியூராரை அங்கே யாரும் அந்நியமாகப் பார்ப்பதில்லை.

27-ஆம் தேதி கரமடி இழுத்தார்கள். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வர, இரு முனைக் கயிற்றையும் இருபது பேர் இருபது பேராகப் பின்னோக்கி நடந்து இழுக்க, பிள்ளைகளும் நடுவில் புகுந்து கயிற்றைப் பிடித்தார்கள். ஈரக்கயிறு உள்ளங்கையை எப்படி அறுக்கும் என்று தம்பி மகன் துபாய் திரும்பும் வரை காட்டிக்கொண்டே இருந்தான். மடி கரையேறியபோது பெரும்பாலும் நெத்திலியும் கொஞ்சம் சாளையுமாக வந்தது. பெரிதாகப் பாடு இல்லை, அதாவது மீன் அதிகம் படவில்லை என்று ஒருவர் சொன்னார். என்றாலும் இழுத்த பிள்ளைகளுக்கு என்று ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்கள்.

கிளம்பும் நாளில் அந்தப் பெண் எங்கள் தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் அன்று முந்திரிக்கொத்தோடு அம்மா கொடுத்து அனுப்பியது அது. எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். கடப்புறத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மா மூடியைத் திறந்தபோது, வாழையிலை விரித்து அதன் மேல் உப்பிட்டு உலர்த்திய நெத்திலி நிறைந்திருந்தது. டாக்டர் சொன்னதை எல்லாம் மறந்து அன்று இரவு அவரே அடுப்படியில் நின்று, மாங்காய் போட்டு அதைக் குழம்பு வைத்தார். நாங்களும் தடுக்கவில்லை.