பின்னாடி வந்து இடிச்சாங்க, நான் என் இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணல

2024 நவம்பர்ல ஒரு நாள் சாயந்தரம், லண்டன்ல ஹாரோ பக்கம் ஒரு ரவுண்டபவுட்ல வலது பக்கத்து வண்டிங்க போகட்டும்னு நின்னுட்டு இருந்தேன், பின்னாடி வந்த வேன் நிக்கல. பெரிய அடி ஒண்ணும் இல்ல, பத்து மைல் ஸ்பீடு இருந்தா அதிகம். இறங்கிப் பாத்தா பம்பர் இடது ஓரத்துல பிளந்து பார்க்கிங் சென்சார் ஒயரோட வெளிய தொங்குது. அதுக்கப்புறம் ரெண்டு மாசம், ரிவர்ஸ் போடறப்பல்லாம் பின்னாடி ஒண்ணுமே இல்லாட்டியும் கீ...ன்னு விடாம கத்திட்டே இருந்துச்சு அந்த கார்.

வேன் ஓட்டுன பையன் நல்லவன், உடனே பேர், அட்ரஸ், நம்பர் எல்லாம் குடுத்தான், வண்டிய நகர்த்தறதுக்கு முன்னாடியே நான் ஃபோட்டோ எடுத்துட்டேன். 1988 ரோடு டிராஃபிக் சட்டப்படி இங்க இடிச்சா வண்டிய நிறுத்தணும், விவரம் குடுக்கணும், அங்கேயே குடுக்க முடியலன்னா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லணும்.

வீட்டுக்கு வந்து என் இன்ஷூரன்ஸுக்கு போன் போட்டேன். தப்பு முழுக்க அவங்க மேலதான், ஆனாலும் எங்க மூலமா ரிப்பேர் பண்ணா எக்ஸஸ், அதாவது ரிப்பேர் செலவுல உங்க பங்கு, 350 பவுண்டு முதல்ல நீங்க கட்டணும், அந்தப் பக்கத்துல இருந்து வசூல் ஆனா திரும்பி வரும், அதுவரைக்கும் நோ க்ளெய்ம்ஸ் போனஸும் (க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி) அந்தரத்துல இருக்கும்னாங்க. எனக்கு கடுப்பாயிடுச்சு. சும்மா நின்னுட்டு இருந்தவன் எதுக்கு முதல்ல பணம் கட்டணும்? சரி, எக்ஸஸ் வேணாம்னா எங்க பார்ட்னர் சொலிசிட்டர் (வக்கீல்) பாத்துக்குவாங்க, உங்களுக்கு ஒரு பென்னி செலவில்ல, நாளைக்கே வாசல்ல வேற கார் நிக்கும்னு அதே போன்ல லைன மாத்தி விட்டாங்க. பத்து நிமிஷத்துல ஈமெயில்ல பேப்பர் வந்துடுச்சு, கீழ விரலால சைன் போட்டா முடிஞ்சது.

போட்டிருப்பேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணைகிட்ட தற்செயலா சொன்னேன், "சைன் வைக்காதேங்கோ தம்பி, முதல்ல எனக்கு அனுப்புங்கோ"ன்னார். அவர் இந்த மாதிரி ஒண்ணுல மாட்டி கோர்ட் வரைக்கும் போய் சாட்சி சொன்னவர்.

விஷயம் அந்தப் பேப்பரோட நாலாம் பக்கத்துல இருந்துச்சு. வாடகைக் கார் ஒரு நாளைக்கு 112 பவுண்டு, அதுக்கு மேல வாட். இது இலவசக் கார் இல்லைங்க, கடனுக்கு வாடகை, இதுக்கு இங்க கிரெடிட் ஹயர்னு பேரு. அந்தப் பக்கத்து இன்ஷூரன்ஸ் முழுசா குடுக்கலன்னா மீதிக்கு பொறுப்பு யாருன்னு பாத்தா என் பேரு. அவங்க குடுக்க மாட்டேன்னு சண்டை போடறதும் இங்க சாதாரணம்: கார் நிஜமாவே தேவையா, இத்தனை நாள் எதுக்கு, சாதாரண வாடகைக் கடையில எடுக்க கையில காசு இல்லாத ஆளா நீன்னு கேப்பாங்க. இந்தக் கடைசிக் கேள்வி 2003ல, அப்ப இங்க உச்ச நீதிமன்றமா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் குடுத்த ஒரு தீர்ப்புல இருந்து வர்றது, கையில காசில்லாதவங்களுக்குத்தான் அந்த கிரெடிட் ரேட் முழுசா கிடைக்கும். மாசச் சம்பளம் வாங்கற எனக்கு அது கிடைக்கறது கஷ்டம். கோர்ட்டுக்குப் போனா வழக்கும் என் பேர்லதான், சாட்சிக் கூண்டுல நிக்கப் போறதும் நான்தான்.

இன்னொண்ணு, போன்ல சொலிசிட்டர் சொலிசிட்டர்னு சொன்னாங்களே, பேப்பர்ல இருந்தது சொலிசிட்டரே இல்ல, ஆக்சிடென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி. சொலிசிட்டர்னா சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி வெப்சைட்ல பேர் இருக்கணும், தேட ரெண்டு நிமிஷம் ஆகாது, தயவு செஞ்சு தேடிப் பாருங்க.

அப்புறம் நானே நம்ம ஏரியாவுலயே ஒரு சொலிசிட்டர தேடிப் போனேன். அரை மணி நேரம் பேசினாங்க, அந்த அரை மணி நேரத்துலதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. எனக்கு அஞ்சு வாரம் கழுத்து வலி இருந்துச்சு, காலைல தலைய வலது பக்கம் திருப்ப முடியாது, ஜிபிகிட்ட (ஏரியா டாக்டர்) காட்டி மாத்திரையும் எடுத்தேன். இதுக்கு என்னை வக்கீலா வச்சுக்காதீங்கன்னு அந்த சொலிசிட்டரே சொன்னாங்க. 2021 மே 31ல இருந்து கார்ல இருந்தவங்களோட கழுத்துச் சுளுக்கு மாதிரி காயத்துக்கு ரேட் ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க, மூணு மாசத்துக்குள்ள சரியானா அப்ப 240 பவுண்டு அவ்வளவுதான் (2025 மே 31ல இருந்து நடக்கற விபத்துக்கு 15 சதவீதம் போல ஏத்தியிருக்காங்க). 5000 பவுண்டுக்குக் கீழ உள்ள காயத்துக்கு வக்கீல் செலவை எதிர்ப்பக்கம் தராது, அதனால வக்கீல் ஃபீஸ் உங்க காசுலதான் போகும், வழக்கமா 25 சதவீதம் வரைக்கும் எடுப்பாங்க, 240ல அறுபது போனா என்ன மிச்சம்? அஃபிஷியல் இஞ்சுரி க்ளெய்ம்னு ஒரு போர்ட்டல் இருக்கு, நீங்களே போடலாம்னாங்க. போட்டேன். எதிர்ப்பக்கம் தப்ப ஒத்துக்கிட்டதால மெடிக்கல் ரிப்போர்ட் செலவும் அவங்களுதே. மெடிக்கல் ரிப்போர்ட் இல்லாம கழுத்து வலிக்கு இவ்வளவு தர்றோம் முடிச்சுக்கலாம்னு இன்ஷூரன்ஸ்காரங்க இப்ப பேசக்கூடாது, அதுவும் அதே 2021 மாற்றத்துல வந்ததுதான், யாராவது பேசினா சரின்னு சொல்லிடாதீங்க.

காருக்கு மட்டும் அந்த சொலிசிட்டர் வேன்காரரோட இன்ஷூரன்ஸுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க, 120 பவுண்டு. சின்னத் தொகை கேஸ்ல அது திரும்பி வராதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அந்த லெட்டர நான் இன்னும் வச்சிருக்கேன், ஒண்ணரைப் பக்கம்தான். எங்க நடந்துச்சு, எப்படி நடந்துச்சு, ஃபோட்டோ, ரெண்டு கராஜ் எஸ்டிமேட், 14 நாள் டைம், அப்புறம் 2002 ரெகுலேஷன் படி வேன்காரர விட்டுட்டு நேரா அவரோட இன்ஷூரன்ஸ் மேலயே கேஸ் போட எனக்கு உரிமை இருக்குன்னு ஒரு வரி. அதுக்கு முன்னாடி நானே ரெண்டு தடவ போன் பண்ணி காத்திருந்து காத்திருந்து போன வெச்சிருக்கேன், இந்த லெட்டருக்கு பன்னெண்டாம் நாள் பதில் வந்துடுச்சு. ரிப்பேர் 1140, கராஜ்ல இருந்த நாலு நாளைக்கு சாதாரண கடையில எடுத்த வாடகைக் கார் 152, ரெண்டும் முழுசா குடுத்தாங்க. எக்ஸஸ்ங்கற பேச்சே வரல.

அதுக்காக எல்லாரும் எல்லாத்துக்கும் சொந்தமா போராடுங்கன்னு நான் சொல்லல. எலும்பு முறிவு, குழந்தைக்கு அடி, எதிர்ப்பக்கம் தப்ப ஒத்துக்க மாட்டேங்குறாங்க, இடிச்சுட்டு ஓடிட்டாங்க, இல்ல இன்ஷூரன்ஸே இல்லாத வண்டின்னா உடனே நல்ல சொலிசிட்டர்கிட்ட போங்க. பைக், சைக்கிள், நடந்து போறவங்களுக்கு அந்த ஃபிக்ஸ்டு ரேட்டே கிடையாது, அவங்களும் கண்டிப்பா கேக்கணும். காயத்துக்கு மூணு வருஷம் டைம், காருக்கு ஆறு வருஷம், அதனால மொத நாள் ராத்திரியே எதுலயும் சைன் போடணும்னு அவசரமே இல்ல. பாலிசியில மோட்டார் லீகல் கவர் (வக்கீல் செலவுக்கான கவர்) இருக்கான்னும் பாருங்க, என்கிட்ட அப்ப இல்ல, இருந்திருந்தா அந்த 120ம் மிச்சம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, க்ளெய்ம் பண்ணாட்டியும் உங்க இன்ஷூரன்ஸுக்கு தகவல் சொல்லியே ஆகணும், பாலிசியிலயே அப்படித்தான் போட்டிருக்கு. தகவலுக்கு மட்டும்னு சொல்லிடுங்க. நோ க்ளெய்ம்ஸ் எனக்கு அப்படியே இருக்கு. ஆனா ரெனியூவல்ல அஞ்சு வருஷத்துக்குள்ள ஆக்சிடென்ட் உண்டான்னு கேப்பாங்க, தப்பு நம்ம மேல இல்லாட்டியும் ஆமான்னுதான் போடணும். நானும் போட்டேன், பிரீமியம் 41 பவுண்டு ஏறிச்சு, வேற கம்பெனிக்கு மாறிட்டேன்.