எருசலேமில் ஒரு வெள்ளிக்கிழமை

எருசலேம் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மதியம் மகானே யெகூதா சந்தையில் நடக்க இடமில்லை. மீன், மாதுளை, ஆலிவ் எல்லாவற்றையும் தாண்டி எங்கும் கண்ணில் பட்டது ஹல்லா ரொட்டிதான். சடை பின்னியது போல முறுக்கி, மேலே எள் தூவியிருக்கிறது. வாங்குகிறவர்கள் இரண்டாகத்தான் வாங்குகிறார்கள்.

ஏன் இரண்டு என்பதற்கு யூதர்களின் வேதமான தோராவில், நம் வேதாகமத்தின் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், பதில் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் காலைதோறும் வானத்திலிருந்து மன்னா விழுந்தது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. நிறையப் பொறுக்கியவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் பொறுக்கியவனுக்குக் குறையவுமில்லை. மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தால் புழுத்துப் போனது. ஏழாம் நாள் சபாத், அதாவது ஓய்வுநாள், அன்று மன்னா விழாது; அதனால் ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு, அது கெடவில்லை. வெள்ளி இரவு மேஜையில் வைக்கும் இரண்டு ரொட்டி அந்த இரட்டைப் பங்குதான். மேலே போர்த்தும் துணி, மன்னாவை மூடியிருந்த பனி.

என்னைக் குத்துவது 27-ஆம் வசனம். அத்தனை சொல்லியும் சிலர் ஏழாம் நாளும் பொறுக்கப் போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. லீவு நாளிலும் ஆபீஸ் மெயிலைத் திறந்து பார்க்கும் நாமெல்லாம் அவர்கள் வம்சம்தான்.

சபாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது அதை அறிவித்து ஊரெங்கும் சைரன் ஒலித்தது. டிராம் அதற்கு முன்பே நின்றிருந்தது. மேற்குச் சுவருக்கு நடந்தே போனோம். ரோமர்கள் கி.பி. 70-இல் இடித்த ஆலயத்தின் மலையைத் தாங்க ஏரோது கட்டிய மதில் இது. இரண்டு பிடி வைத்த குவளையால் கைகளை மாறி மாறிக் கழுவிவிட்டு, தலையை மூடிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன். சபாத் தொடங்கிவிட்டால் அங்கே எழுதக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. அதனால் சுவரில் வைக்கும் ஜெப விண்ணப்பச் சீட்டை ஹோட்டலிலேயே தமிழில் எழுதி வந்திருந்தேன். கல்லிடுக்கில் செருக இடம் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு சீட்டுகள். வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்து ஒலிவ மலையில் புதைக்கிறார்களாம். குப்பையில் போடுவதில்லை என்பது மனதுக்கு இதமாக இருந்தது. வழுவழுத்துப்போன கல்லில் நெற்றியை வைத்தபோது கேட்க நினைத்ததில் பாதி மறந்துவிட்டது. பக்கத்தில் சில இளைஞர்கள் தோள்மேல் கைபோட்டு, சபாத்தை மணப்பெண்ணாக வரவேற்கும் 'லெகா தோதி'யைப் பாடி ஆடிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பலர் சுவருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வந்தார்கள். நானும் அப்படியே வந்தேன்.

ஹோட்டலில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று நின்று ஏறியது. பொத்தானை அழுத்துவதும் இன்று வேலைக் கணக்கில் சேரும். முதல் நாலு மாடி வரை எரிச்சல். அப்புறம் என்ன அவசரம் என்று தோன்றிவிட்டது.

சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை மேற்கு எருசலேமில் பஸ் கிடையாது, கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். பெத்லகேம் போக வேண்டுமென்றால் டமாஸ்கஸ் வாசலருகே அரபு பஸ் ஓடும்.